கழற்றிச் சுமக்கக்கூடிய யன்னல் தட்டி

வீடு என்று சொன்னவுடன் நாம் கூரையை நினைக்கிறோம், சுவரை நினைக்கிறோம். யன்னலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் தறப்பாள் கொட்டிலிலும் தகர வீட்டிலும் மாதக்கணக்கில் காலம் கழித்த குடும்பங்களைக் கேட்டால் அவர்கள் வேறு கதை சொல்வார்கள். யன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் உள்ளே பார்க்கும். மூடினால் பகலில் அடுப்புக்குள் இருப்பது போல் வேகும். உடுப்பு மாற்றவும் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் பெண்கள் ஒரு சேலையைக் குறுக்கே கட்டுவார்கள். அதைக் காற்று தூக்கி எறியும். மறைவும் காற்றும் ஒருசேரக் கிடைக்காத வீட்டில் மனிதர் மாண்போடு வாழ்வது கடினம்.

அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் பிரதான வீதியை ஒட்டி இருக்கிறது கோமாரி. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். இப்பகுதி மக்களுக்கு இடம்பெயர்வு புதிய சொல் அல்ல. 1990இன் வன்செயல்கள் அவர்களை ஊரைவிட்டு விரட்டின. திரும்பி வந்து குடியேறியவர்களை 2004 டிசம்பர் 26இல் கடல் விரட்டியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். பின்பு நாடெங்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடைக்கால வீடுகள் எழுந்தன. அவற்றில் வாழ்ந்தவர்களுக்கு யன்னலின் அருமை தெரியும்.

ஆகவே இந்த இதழில் ஒரு சிறிய பொருளைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது யன்னலுக்கு இடும் நிலைக்குத்துத் திரைத்தட்டி. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் நீளமான பட்டிகள் வரிசையாகத் தொங்கி, ஒரு கோலைத் திருகினால் எல்லாம் ஒன்றாகத் திரும்புவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது பணக்காரர் வீட்டுப் பொருள் அல்லவா, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதன் அமைப்பை ஊன்றிப் பார்த்தால், அடிக்கடி வீடு மாற்ற நேர்ந்தவர்களுக்கே அது பொருத்தமானது என்பது புரியும்.

படுக்கைப் பட்டியும் நிற்கும் பட்டியும்

படுக்கையாகப் பட்டிகள் அடுக்கிய தட்டி பழையது. 1760களிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது விற்பனையில் இருந்தது. பட்டிகளை நிறுத்தித் தொங்கவிடும் முறையோ 1950களில் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் வியாபாரத்துக்கு வந்தது.

உச்சி வெயிலைத் தடுக்கப் படுக்கைப் பட்டி நல்லது. ஆனால் தாழ்வாரம் இறங்கிய வீட்டில் உச்சி வெயில் யன்னலுக்குள் வருவதே இல்லை. கரையோர வீடுகளில் தொல்லை தருவது கடலுக்கு மேல் எழும் காலை வெயிலும் காட்டுக்குப் பின்னால் இறங்கும் மாலை வெயிலும்தான். தாழ்வாக நேரே வரும் அந்த வெயிலைத் தடுக்கப் படுக்கைப் பட்டியை முழுதாக மூடவேண்டி இருக்கும். நிற்கும் பட்டியைச் சற்றுத் திருப்பினாலே போதும். வெயில் பெரும்பாலும் தடைபடும், பக்கவாட்டில் காற்று வரும்.

கிழக்கு யன்னலை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. அப்போது பட்டிகளின் இடைவெளி வடகிழக்கைப் பார்க்குமாறு திருப்ப வேண்டும். ஆனியில் சூரியன் வடகிழக்கில் எழும்போது இடைவெளி தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் நிழல் எங்கே விழும் என்று வயலில் நின்று பழகிய விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பூட்டுவதை எளிதாக்கும் சிந்தனை

கடையில் விற்கும் தட்டி எப்படி வேலை செய்கிறது? மேலே ஒரு சட்டம். அதற்குள் நீளமான கோல் ஒன்று ஓடுகிறது. அந்தக் கோலில் சிறு வண்டிகள் கோர்க்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு புரியும் ஒரு பற்சில்லும் உண்டு. அதன் அடியில் ஒரு கொளுக்கி. கோல் சுழன்றால் எல்லா வண்டிகளின் கொளுக்கிகளும் ஒரே அளவு திரும்புகின்றன. கொளுக்கியில் பட்டி தொங்குகிறது. பட்டியின் அடிமடிப்பில் ஒரு பாரம் இருப்பதால் அது நேராக நிற்கிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, நுட்பமான வேலை முழுவதும் மேற்சட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதே. வீட்டுக்காரர் செய்யவேண்டியவை மூன்று. சுவரில் தாங்கிகளை அடிக்க வேண்டும். சட்டத்தை அவற்றில் பொருத்த வேண்டும். பட்டிகளை ஒவ்வொன்றாகக் கொளுக்கியில் மாட்ட வேண்டும். பாரமான சட்டம் முதலில் ஏறிவிடுவதால் ஒருவரே தனித்து நின்று வேலையை முடிக்கலாம். ஒரு பட்டி கிழிந்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்று மாட்டலாம், மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை.

பொருள்களை இலகுவாகப் பூட்டும்படி வடிவமைப்பதை ஒரு கலையாக வளர்த்தவர்களில் ஜெப்ரி பூத்ரோய்ட் என்ற பொறியியலாளர் முக்கியமானவர். ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னார். மற்றப் பாகங்கள் நிற்கும்போது இது அசைய வேண்டுமா? இது வேறு பொருளால் ஆனதாக இருந்தே ஆகவேண்டுமா? பூட்டவும் கழற்றவும் இது தனியாக இருக்க வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பாகம் தேவையில்லை. பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். பாகம் குறைந்தால் செலவும் பிழையும் குறையும்.

நமது கையிருப்பில் செய்து பார்ப்போம்

இந்தக் கேள்விகளை நமது பொருள்களிடம் கேட்போம். யன்னல் அகலம் 120 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியின் அகலம் 9 சென்ரிமீற்றர். ஒன்றின் மேல் ஒன்று 1 சென்ரிமீற்றர் ஏறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியபின்னும் நீக்கல் தெரியும். ஆகவே 8 சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டி. 120ஐ 8ஆல் பிரித்தால் 15 பட்டிகள். எந்த யன்னலுக்கும் இதே கணக்குத்தான்.

மேற்சட்டத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குல மரச்சட்டம் போதும். அதன் அடியில் 8 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் திறந்த கொளுக்கிகளைத் திருகுங்கள். பற்சில்லு நமக்கு வேண்டாம். அதன் வேலையைச் செய்ய வேறு வழி உண்டு.

ஒவ்வொரு பட்டியின் மேல்மடிப்பிலும் 9 சென்ரிமீற்றர் நீள மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகித் தையுங்கள். சிம்பின் நடுவில் ஒரு கம்பி வளையம் கட்டி, அதைக் கொளுக்கியில் மாட்டுங்கள். எல்லாச் சிம்புகளின் வலது முனையையும் ஒரு மெல்லிய நீண்ட மூங்கில் கோலில், 8 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அந்தக் கோலை இடம் வலமாக அசைத்தால் பதினைந்து பட்டிகளும் ஒன்றாகத் திரும்பும். திரும்பிய நிலையில் நிறுத்த, கோலின் முனையில் ஒரு கயிறும் சுவரில் இரண்டு ஆணிகளும் போதும்.

பட்டியை எதில் செய்வது? அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பன்பாய் இழைக்கும் கைகள் இன்னும் உண்டு. ஆனால் பெரிய பாயை வெட்டிப் பட்டியாக்கினால் ஓரம் பிரிந்துபோகும். தொடக்கத்திலேயே 9 சென்ரிமீற்றர் அகலத்தில், இரு கரையும் மடித்து இழைக்க வேண்டும். கல்முனைக்கு அருகே மருதமுனையின் கைத்தறி பேர்பெற்றது. தறியில் ஒடுக்கமான பட்டியாகவே நெய்தால் இரு பக்கமும் கரை தானாக அமையும், தையற்கூலி மிச்சம். கோமாரியின் மூங்கில் வேலையும் மருதமுனையின் நெசவும் ஒரே யன்னலில் சேர்ந்தால், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் உழைப்பை ஒருவர் மதிக்க அதுவும் ஒரு வழியாகும்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று வெறும் பட்டியைச் சும்மா விடாது. அடிமடிப்பில் பாரம் வேண்டும். 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் 9 சென்ரிமீற்றர் துண்டு சுமார் 55 கிராம் நிறை. அதற்கு நிறந்தீட்டி மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுங்கள். வலைக்கு இடும் ஈயக்குண்டு வேண்டாம். குழந்தை வாயில் வைத்தால் ஈயம் நஞ்சு.

அளவுக்கோல் ஒன்று, வீடுகள் பல

ஒவ்வொருவரும் தத்தம் கண்மட்டத்தில் 8 சென்ரிமீற்றர் அளந்தால் ஒருவர் செய்த பட்டி இன்னொருவர் சட்டத்தில் ஏறாது. ஆகவே முதலில் ஒரு தடியில் 8 சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு இட்டு, ஊருக்குப் பொதுவான அளவுக்கோல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியின் அகலத்துக்கும் கொளுக்கியின் பருமனுக்கும் அவ்வாறே ஒரு மாதிரி இருக்கட்டும். இதைச் செய்துவிட்டால் ஒரு வீட்டில் சட்டம், இன்னொரு வீட்டில் சிம்பு, மற்றொரு வீட்டில் பட்டி என்று வேலையைப் பங்கிடலாம். கண்பார்வை மங்கிய ஆச்சியும் சிம்பு வழிப்பார். பாடசாலை விட்டு வந்த பிள்ளையும் வளையம் கட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

கவனிக்க வேண்டியவை

கடைத் தட்டிகளில் இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்குவதுண்டு. அதில் கழுத்து மாட்டிப் பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடைகளில் ஆயத்தமாக விற்கும் தட்டிகளைக் கயிறின்றிச் செய்யவேண்டும் அல்லது கயிறு எட்டாதபடி அமைக்கவேண்டும் என்ற தரவிதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாமும் கயிற்றை வளையமாகத் தொங்கவிடக் கூடாது. நிறுத்தும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். அது குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். யன்னலோரம் தொட்டிலும் கட்ட வேண்டாம்.

குசினி யன்னலுக்குப் பன் பட்டி ஆகாது. நெருப்புப் பொறி போதும். மாரியில் நனைந்த பன்னில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஐப்பசியில் பட்டிகளைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, அடுக்கிக் கட்டிப் பரணில் வையுங்கள். நுளம்பை இத்தட்டி தடுக்காது. வலை தனியாக வேண்டும். 1978 நவம்பரில் கிழக்கைத் தாக்கிய சூறாவளியை நமது பெரியவர்கள் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்.

விற்பனைக்கு இறங்குமுன்

பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்குடாவில் சித்திரை முதல் புரட்டாதி வரை வெளிநாட்டார் வருகை மிகும். அங்குள்ள விடுதிகளுக்கும் யன்னல்கள் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்த கையோடு தட்டி வேலையைத் தொடங்கினால் பருவத்துக்கு முன் கொடுக்கலாம். ஆயினும் 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும், 2020இன் கொரோனாவும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அந்த வருகையை எப்படி அறுத்தன என்று கண்டோம். ஒரே வாசலை நம்பிக் கடன் பட வேண்டாம். முதலில் நமது யன்னலுக்கு ஒன்று செய்வோம். ஒரு கச்சான் காலமும் ஒரு மாரியும் அது தாங்குகிறதா என்று பார்ப்போம். பிறகு மாதிரியாக ஒன்றைக் காட்டி, கேட்டவருக்கு மட்டும் செய்வோம். விலை சொல்லும்போது மரம், கொளுக்கி, கம்பி ஆகியவற்றின் செலவோடு வீட்டுப் பெண்களின் கூலியையும் சேர்த்தே சொல்வோம். அந்தக் கூலியை விட்டுவிட்டுப் போடும் கணக்கு இலாபக் கணக்கு அல்ல.

யன்னல் தட்டி காணியைத் திருப்பித் தராது. 1990இல் இடம்பெயர்ந்த கனகர் கிராம மக்கள் 2018இல் தங்கள் காணியைக் கேட்டுத் தொடர் போராட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது. அந்த உரிமையைக் கேட்பதை எந்தக் கைத்தொழிலும் மாற்றீடு செய்ய முடியாது. ஆனால் காணி கிடைக்கும் வரையிலும் மனிதர் எங்கோ ஒரு கூரையின் கீழ் உறங்கியாக வேண்டும். அங்கு மறைவும் காற்றும் நிழலும் வேண்டும்.

இனி யாராவது நமக்கு ஒரு வீட்டுத் திட்டத்தையோ, ஒரு இயந்திரத்தையோ, ஒரு தண்ணீர்த் தொட்டியையோ தர வந்தால் இந்தத் தட்டியை நினைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்போம். இதை நாமே பூட்ட முடியுமா? ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் நாமே மாற்ற முடியுமா? ஊர் திரும்பும் நாளில் கழற்றிக் கையோடு கொண்டுபோக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் அதை மனமுவந்து ஏற்போம். கிடைக்காவிட்டால், அப்படி ஒன்றைச் செய்து தாருங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.