மெருகேறாத குரல்கள்

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில், 1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இளைஞர் ஐவர் கையிலிருந்த பணத்தைத் திரட்டிக்கொண்டு ஒரு வீட்டிற்குச் சென்றனர். அவ்வீட்டின் அறையொன்றில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் சிறியதோர் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திவந்தார். 'குவாரிமென்' என்னும் அந்த இசைக்குழுவில் ஜான் லெனனுக்கு அகவை 17; பால் மக்கார்ட்னிக்கு 16; ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. இரண்டு பாடல்களைப் பதிவுசெய்து, ஒரே ஓர் இசைத்தட்டுடன் அவர்கள் திரும்பினர். கைம்மாறிக் கைம்மாறிச் சென்ற அத்தட்டு, இறுதியில் குழுவில் பியானோ வாசித்த ஜான் லோவிடம் தங்கிவிட்டது. 1981இல் மக்கார்ட்னி அதனை விலைகொடுத்து வாங்கினார். அதற்குள் அந்நண்பர்கள் 'பீட்டில்ஸ்' என்னும் பெயரால் உலகப் புகழ்பெற்று, பிரிந்தும் போயிருந்தனர். 1995இல் வெளிவந்த தொகுப்பொன்றின் வழியாகவே அப்பாடல்கள் பொதுமக்களின் செவிக்கு எட்டின.

அப்பதிவைக் கேட்போர் முதலில் உணர்வது தேய்ந்த தட்டின் கரகரப்பையே. இத்தகைய தட்டின் மென்பூச்சு, ஊசி ஓடுந்தோறும் சிறிது சிறிதாகத் தேயும். ஆசையோடு கேட்கக் கேட்க ஒலி அழியும். அக்கரகரப்பிற்கு அடியில் இளங்குரல்கள் ஒலிக்கின்றன. இரு பாடல்களுள் ஒன்று அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியால் புகழ்பெற்றது. மற்றொன்று மக்கார்ட்னி, ஹாரிசன் ஆகியோர் இயற்றியது. பிறர் பாட்டைப் பின்பற்றிப் பழகும் சிறுவர்கள் தமக்கெனப் பாட்டியற்றத் துணிந்த பருவம் அந்த ஒரே தட்டில் பதிந்துள்ளது. இசைச்சுவையர் அதைத் தேடிக் கேட்பது இதன்பொருட்டே. இசைத் தேர்ச்சியை மட்டும் நாடுவோர்க்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பின்னாளில் இக்குழுவினர் ஓர் இசைத்தொகுப்பிற்காகப் பல மாதங்கள் உழைத்தனர். ஒலியின்மேல் ஒலியை அடுக்கி, பிழையை நீக்கி, வேண்டியதைச் சேர்த்தனர். தொடக்கத்தில் அவ்வசதி இல்லை. 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் அபே சாலையிலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முன்னிலையில், ஒரே நாளில் பத்துப் பாடல்களை அவர்கள் பதிவுசெய்தனர். இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடாவில், பெரும்பாலும் குரல்கள் ஒரு தடத்திலும் கருவிகள் மறு தடத்திலும் பதிந்தன. கிதாரும் டிரம்ஸும் ஒரே தடத்தில் கலந்துவிட்டபின் ஒன்றை மட்டும் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. ஆகவே பாடும் பொழுதே சரியாகப் பாடியாக வேண்டும்.

அன்று லெனனுக்குக் கடும் சளி. தொண்டையை மிகவும் வருத்தக்கூடிய 'ட்விஸ்ட் அண்டு ஷவுட்' பாடலை, குரல் கெட்டுவிடும் என்று அஞ்சி, இரவில் இறுதியாக வைத்திருந்தனர். முதல் முறை பாடியதே நிலைத்தது. மறுமுறை முயன்றபோது குரல் எழவில்லை. கிழிந்தாற்போன்ற அக்குரலை இசையாசிரியர் ஒருவர் குறையென்று குறித்தல் கூடும். நாள் முழுதும் உழைத்த உடலின் களைப்பும், களைப்பை மீறிய வேட்கையும் அதில் ஒருங்கே கேட்கின்றன. மெருகேற்றியிருந்தால் இரண்டுமே மறைந்திருக்கும்.

ஆயினும், கரடுமுரடானவை அனைத்தும் சிறந்தவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனத்தின் தேர்வுக்காக இவர்கள் பாடிய 15 பாடல்களில் தயக்கமே மிகுதியாகத் தெரிகிறது. நிறுவனம் அவர்களை மறுத்தது வியப்பிற்குரியதன்று.

இவற்றினும் சிக்கலானது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பதிவு. ஓர் இரவில் பல மணி நேரம் வாசித்து அவர்கள் தேர்ச்சிபெற்ற நகரம் அது. 1962 டிசம்பர் இறுதியில், அங்குள்ள 'ஸ்டார் கிளப்' அரங்கில் அவர்கள் பாடியதை, எளிய வீட்டு ஒலிநாடாக் கருவி ஒன்று பதிவுசெய்தது. குரல் மங்கி, டிரம்ஸின் முழக்கம் ஓங்கி, கூட்டத்தின் இரைச்சல் இடையிடையே புகுந்து ஒலிக்கும். பாடல்களுக்கு நடுவே அவையோரோடு அவர்கள் செய்யும் கேலியும் உண்டு. 1977இல் அது இசைத்தட்டாக வெளிவந்தபோது, புகழுக்கு முந்திய பீட்டில்ஸை நேரில் கண்டதுபோலச் சுவைஞர் மகிழ்ந்தனர்.

பாடியவர்களோ மகிழவில்லை. வழக்கு லண்டன் உயர்நீதிமன்றம் சென்றது. பதிவுக்கு லெனன் வாய்மொழியாக இசைந்தார் என்பது ஒருசாரார் கூற்று. மறுத்துரைக்க லெனன் அப்போது உயிரோடில்லை. 1998இல் ஹாரிசன் நேரில் சாட்சியளித்து, கேளிக்கைக்கு நடுவே எடுக்கப்பட்ட பதிவு ஒப்பந்தமாகாது என வாதிட்டார். அதன் ஒலித்தரத்தையும் அவர் குறை கூறினார். உரிமை குழுவினர்க்கே என்று முடிவாயிற்று.

சுவைஞர்க்கு அஃது ஓர் இழப்பு. ஆனால் அவர்கள் போற்றிய அதே பதிவு, பாடியவர்க்குத் தம் இசைவின்றி ஊரறிய வைக்கப்பட்ட ஒத்திகை போன்றது. நாடாக்கள் குழுவினர் வசமாயின. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக விற்கப்பட்டிருந்த இசைத்தட்டுகளோ, வாங்கியோர் வீட்டு அலமாரிகளில் அப்படியே இருந்தன.