கணக்கில் வராத அப்பா



சமூக அறிவியல் வகுப்பில், "நம்ம தஞ்சாவூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1,035 பெண்கள்" என்று சார் சொன்னதும் எங்க பக்கம் ஒரே கைதட்டல். "அப்போ நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளைங்கதான் அதிகமா பொறக்குது" என்று நாங்களே முடிவு கட்டிட்டோம். அது சரியா? பார்ப்போம் வாங்க.

பாலின விகிதம் என்றால் என்ன?
1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பதுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 996, இந்தியாவுக்கு 943. நமக்கு 1,035.

குழந்தைப் பாலின விகிதம் என்றால் என்ன?
6 வயது வரை உள்ள குழந்தைகளை மட்டும் எண்ணிப் போடும் கணக்கு. இதில் நம்ம மாவட்டம் சுமார் 957தான்! ஆக, பிறப்பில் பெண்கள் அதிகம் இல்லை. உலகம் முழுக்க இயற்கையாகவே 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். அதாவது 1000-க்கு 952.

பிறகு 1,035 எப்படி வந்தது?
பெண்கள் கூடுதல் வயசு வாழ்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்க வீட்டிலேயே இருக்கு. 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தாங்களாம். நான் அப்போ கைக்குழந்தை. அம்மா, அப்பாயி, நான் என்று மூணு பேரை எழுதினாங்க. அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் அப்பா பேர் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு ஊரில் 1000 ஆண், 1000 பெண். 30 ஆண்கள் மட்டும் வெளிநாடு போயிட்டா, மிச்சம் 970 ஆண். விகிதம் 1,031 ஆயிடும். ஒரு பெண்கூடப் புதுசா பிறக்கலை!

மக்கள் அடர்த்தியும் இப்படித்தான். மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 700 பேர் என்கிறார்கள். ஆனால் வயலிலும் வாய்க்காலிலும் யாரும் குடியிருக்கலையே! தெருவில் நெருக்கம் அதைவிட அதிகம்.

அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் யாரை எண்ணினாங்க, யாரை விட்டாங்க என்று கேளுங்க. 1,035-க்குள் ஆத்துல தண்ணி வந்ததும் தனியா நாத்தங்காலுக்கு ஓடுற எங்க அம்மா இருக்காங்க.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கு. உங்க வீட்டில் எத்தனை பேர் எழுதப்படுவாங்க? இன்னைக்கே எண்ணிப் பாருங்க. கை தட்டணும்னா 957-க்குத் தட்டுவோம். பிறந்த பெண் குழந்தைகளை நம்ம ஊர் வளர விட்டிருக்கு.


— பதினோராம் வகுப்பு மாணவி