சூதாட்ட விடுதிக்கு வாசலில் ஒரு வரி, குதிரைக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் வரி

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, புது ஜிஎஸ்டி விகிதங்கள் அமலுக்கு வந்த நாள். சோப்பு, ஷாம்பு விலை இறங்கும், சின்னக் கார் விலை இறங்கும் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்தன. அதே நாளில் குதிரைப் பந்தயத்தின் மேலான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆக ஏறியது. செய்தியின் கடைசி வரியாக வந்த இந்த விவரத்தைப் பிடித்துக்கொண்டு போடி, சிலமலை, ராசிங்காபுரம் பக்கமிருந்து வந்த கடிதங்கள் முதலில் கேட்டது இதைத்தான்: எங்கள் ஊர் வண்டிப் பந்தயத்துக்கும் 40 சதவீதமா?

இல்லை. போடி–தேவாரம் சாலையில் திருவிழாவுக்குக் குதிரை வண்டி விட்டாலும் சரி, தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று வகை பிரித்து மாட்டு வண்டி விட்டாலும் சரி, கமிட்டி மேசையில் வண்டிக்காரர் கட்டுவது ஓடுவதற்கான நுழைவுக் கட்டணம். யார் ஜெயிப்பார் என்று வேடிக்கை பார்ப்பவர் கட்டும் பணம் அல்ல. சாரதி கயிற்றைப் பிடித்திருக்க, துணை சாரதி பக்கத்தில் மூச்சிரைக்க ஓட, எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பி முதலில் வந்த வண்டிக்குப் பரிசு. பரிசுப் பணமும் பெரும்பாலும் ஊர்ப் பெரிய மனிதர்கள் கொடுத்தது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத கமிட்டி ஜிஎஸ்டியில் பதிவே செய்ய வேண்டியதில்லை. ஊர்ப் பந்தயங்களுக்குத் தொல்லை காவல்துறை அனுமதியிலும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும் இருக்கிறது, வரியில் இல்லை.

அப்படியானால் 40 யாருக்கு? பந்தயப் பணத்தை ஒன்றாகச் சேர்க்கும் டோட் ஜன்னலும், பந்தயம் வாங்கும் புக்கிகளும் இருக்கிற ரேஸ் கிளப்புகளுக்கு. தமிழ்நாட்டில் அப்படி இரண்டே மைதானங்கள் மிஞ்சியிருந்தன. மதுரையில் ரேஸ் கோர்ஸ் என்பது இன்று விளையாட்டு அரங்கத்தின் அடையாளம், கோவையில் காலைநடைக்காரர்களின் சாலை. கிண்டியும் ஊட்டியும்தான் பாக்கி. இரண்டையும் மெட்ராஸ் ரேஸ் கிளப்பே நடத்தியது. ஊட்டியில் 1886 முதல் பந்தயம் உண்டு. அது கோடைக் கூட்டத்தை நம்பிய சின்ன மைதானம். ஏப்ரலில் குதிரைகள் மலை ஏறும், ஜூனில் இறங்கும். 822 கோடி ரூபாய் குத்தகைப் பாக்கி என்று கணக்குச் சொல்லி 2024 ஜூனில் அரசு அந்த இடத்தைக் கையகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் 160 ஏக்கருக்கும் பூட்டு விழுந்தது. 1945 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம்! அந்தத் தொகையைப் படித்த பிறகு கிளப்புக்காகக் கண்ணீர் விட யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை.

நிலத் தகராறு நீதிமன்றம் தீர்க்க வேண்டிய விஷயம். என்னை உறுத்துவது வேறு. நிலம் கையில் இருக்கிற கிளப்புகளையும், அதிலும் சின்னவற்றை முதலில், ஓசையில்லாமல் மூச்சுத் திணறடிக்கும் வழி ஒன்று வரிச் சட்டத்துக்குள் இருக்கிறது. 28, 40 என்ற எண்களைவிட, வரி எதன்மேல் போடப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம்.

டோட் எப்படி நடக்கிறது என்று ரேஸ் பக்கம் போனவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர் சீட்டுக் கம்பெனியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு; நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 5,000. ஜிஎஸ்டி அந்த 5,000 மேல் 18 சதவீதம், அதாவது 900 ரூபாய். மீதி உறுப்பினர்களின் சொந்தப் பணம், அதில் வரி அதிகாரி கை வைப்பதில்லை. டோட்டும் அதே வேலைதான். பந்தயம் கட்டுகிறவர்கள் ஒரு லட்சம் போடுகிறார்கள், கிளப் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் வரி? ஒரு லட்சத்தின் மேல். 40,000 ரூபாய்.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 2018 ஜனவரியில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. கட்டும் பந்தயத்தின் முகமதிப்பில் நூற்றுக்கு நூறும் வரிக்குரிய மதிப்பு. பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்குப் போட்டது. கிளப் பந்தயக்காரர்களின் பணத்தை வெறுமனே பொறுப்பில் வைத்திருக்கிறது, அதன் வருமானம் கமிஷன் மட்டும்தான், ஆகவே அந்த விதி செல்லாது என்று 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு செய்வார்கள், அது வழக்கம். இங்கே இன்னொன்றும் நடந்தது: 2023 இல் சட்டமே திருத்தப்பட்டது. பந்தயம், சூதாட்ட விடுதி, லாட்டரி, ஆன்லைன் பண விளையாட்டு, குதிரைப் பந்தயம் எல்லாம் ஒரே கூடைக்குள் போயின. பந்தயத்தை ஏற்பாடு செய்து கொடுப்பவரையே அதை ‘விற்பவராக’ சட்டம் பார்க்கும் என்ற வரியும் ஏறியது. பணம் வெறுமனே கைமாறிப் போகிற இடமாக இருந்த கிளப், அந்த வரியால் முழுத் தொகைக்கும் வியாபாரி ஆகிவிட்டது.

எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். ஒரே நியாயமா? 2023 ஆகஸ்ட் 2 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஆன்லைன் விளையாட்டுக்கும் சூதாட்ட விடுதிக்கும் ஒரு சலுகை தந்தது. வாசலில் நுழையும்போது கட்டும் பணத்துக்கு மட்டும் வரி. உள்ளே ஜெயித்த பணத்தை மறுபடி ஆட்டத்தில் போட்டால் அதற்கு வரி இல்லை. இதற்கென்றே இரண்டு புது விதிகள் எழுதினார்கள். குதிரைப் பந்தயம் அந்தச் சலுகையில் இல்லை. அது பழைய விதியிலேயே கிடக்கிறது, அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரி.

இதன் விளைவைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (கிளப்புக்குக் கிளப், பந்தய வகைக்கு வகை இது மாறும்). பத்தாயிரம் ரூபாயோடு ஒருவர் வருகிறார். அவர் சராசரி அதிர்ஷ்டக்காரர், ஒவ்வொரு ஓட்டத்திலும் கையில் இருப்பதை எல்லாம் கட்டுகிறார். 100 ரூபாய் டிக்கெட்டுக்கு 140 கொடுக்க வேண்டும் என்பதால் முதல் ஓட்டத்தில் 7,143 ரூபாய்க்குத்தான் அவரால் டிக்கெட் வாங்க முடியும். கமிஷன் போக 6,429 திரும்புகிறது. அதை மறுபடி கட்டுகிறார், மறுபடி 40 சதவீதம், 4,133. அடுத்து 2,657. அடுத்து 1,708. ஐந்தாவது ஓட்டம் முடியும்போது கையில் 1,098 ரூபாய்.

அவருடைய பத்தாயிரத்தில் அரசுக்குப் போனது 7,122. கிளப்புக்கு 1,780.

அதே ஆள், அதே பத்தாயிரம், கோவா சூதாட்ட விடுதி. வாசலில் ஒரு முறை 40 சதவீதம். உள்ளே அதே 10 சதவீதக் கழிவோடு ஐந்து ஆட்டம் ஆடினால் மிச்சம் 4,218. வரியைக் கமிஷனோடு நிறுத்தி, அதைக் கிளப்பே கட்டியிருந்தால் ரேஸ் மைதானத்திலேயே அவர் கையில் 5,905 இருக்கும், கிளப்புக்கு வந்த கமிஷன் 4,095 ஆகியிருக்கும். குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டு என்று 1996 ஜனவரியில் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சூதாட்ட விடுதிக்கு அப்படி ஒரு நற்சான்று கிடையாது. சலுகை கிடைத்தது அதற்கு.

இதே கணக்கை 28 சதவீதத்தில் போட்டால் அரசுக்கு 6,102, கிளப்புக்கு 2,179. விகிதத்தை 12 புள்ளி ஏற்றி இந்த ஒரு ஆளிடம் அரசுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1,020 ரூபாய். அதுவும் அவர் மைதானத்துக்கே தொடர்ந்து வந்தால். செல்போனில் கள்ள புக்கி ஒருவர் நூறு ரூபாய்ப் பந்தயத்தை நூறு ரூபாய்க்கே தருகிறார். ரசீது கேட்காத வாடிக்கையாளர் அங்கே போனால் அரசுக்குக் கிடைப்பது பூஜ்யம்.

2024 செப்டம்பரில் நிதியமைச்சர் சொன்ன எண்கள் நினைவிருக்கலாம்: ஆன்லைன் விளையாட்டு வரி வருவாய் ஆறு மாதத்தில் 412 சதவீதம் உயர்ந்து 6,909 கோடி, சூதாட்ட விடுதி வருவாய் 30 சதவீத உயர்வு. இரண்டுமே வாசல் வரிச் சலுகை பெற்ற தொழில்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முழு முகமதிப்பு வரி வெற்றி என்பதற்கு இவற்றைச் சாட்சியாகக் காட்டுவது கொஞ்சம் அதிகம். ஆன்லைன் பண விளையாட்டை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது, அது தனிக் கதை.

பெரிய கிளப் தாங்கும், சின்ன கிளப் ஏன் தாங்காது? குதிரை தின்பது ரேஸ் நாளில் மட்டும் அல்ல. வாரத்தில் ஒரு நாள் ஓடுவதற்காக ஏழு நாளும் கொள்ளும் புல்லும் போட வேண்டும், லாயக்காரருக்குக் கூலி தர வேண்டும், விடியற்காலைப் பயிற்சி, லாடம், மருத்துவர். இந்தச் செலவு மும்பையானாலும் மைசூரானாலும் பெரிதாகக் குறையாது. வரவோ டோட்டில் சேரும் பணத்தின் அளவைப் பொறுத்தது. கமிஷன் சுருங்கினால் பரிசுத்தொகை சுருங்கும். பரிசு சுருங்கினால் குதிரைச் சொந்தக்காரர் பெரிய மைதானத்துக்குப் போவார், அல்லது குதிரை வைத்திருப்பதையே விட்டுவிடுவார். ஓட்டத்துக்குப் பத்துக் குதிரை இறங்கிய இடத்தில் ஐந்து இறங்கினால் பந்தயம் கட்ட ஆள் வராது. பருவத்துக்கு மட்டும் ஓடும் சின்ன மைதானம் இந்தச் சுழலில் முதலில் சிக்கும். ஊட்டியை நிலவழக்கு விழுங்காமல் விட்டிருந்தாலும் வரி விட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ரேஸால் நகை போன, வீடு போன குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதைச் சொல்லித்தான் 1974 இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது நேர்மையான நிலைப்பாடு. சட்டசபையில் விவாதித்தார்கள், நீதிமன்றத்தில் வாதாடினார்கள், தோற்றார்கள். தீமை என்று ஒரு தொழிலைத் திட்டிக்கொண்டே அதன் கல்லாவில் முதல் பங்காளியாக உட்கார்ந்திருப்பதை நேர்மை என்று சொல்ல முடியவில்லை.

கட்டும் பணத்தின் மேல் வரி போடுவதன் விளைவைப் பிரிட்டன் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே பந்தயக்காரரிடம் 9 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், புக்கிகள் கடல் கடந்து கடை போட்டார்கள். 2001 அக்டோபரில் கட்டும் பணத்தின் மேலான வரியை எடுத்துவிட்டு, புக்கியின் மொத்த லாபத்தின் மேல் 15 சதவீதம் என்று மாற்றினார்கள். ஹாங்காங் 2006 இல் அதே வழியில் போனது. இரண்டும் ரேஸ் மேல் கருணை கொண்ட இடங்கள் அல்ல, கல்லாவை எண்ணிப் பார்த்தவை.

கடிதங்களில் இருந்த மற்றக் கேள்விகள்:

நுழைவுச் சீட்டுக்கும் 40 ஆ? ஆம், ரேஸ் கிளப் நுழைவுக்கும் அதே விகிதம், ஐபிஎல் சீட்டுக்கும்தான்.

மைதானத்து புக்கியிடம் கட்டினால் தப்பலாமா? உரிமம் பெற்ற புக்கி என்றால் அவர் வாங்கும் பந்தயத்துக்கும் முழு முகமதிப்பில் வரி.

ஜெயித்த பணத்துக்குத் தனி வரி உண்டா? உண்டு, ஒரே தடவையில் 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

போன வாரம் தோற்றதைக் கழித்துக்கொள்ளலாமா? முடியாது.

குதிரை வளர்த்து நஷ்டப்பட்டால்? பந்தயக் குதிரையின் சொந்தக்காரர் அந்த நஷ்டத்தை நான்கு ஆண்டு வரை கொண்டுபோகலாம், குதிரை வருமானத்தில் மட்டும்.

மலைக் கிராமத்துக்கு மூட்டை சுமக்கும் குதிரைகளுக்கு இதில் ஏதாவது? எதுவும் இல்லை.

ஊர் வண்டிப் பந்தயத்தில் ஓரமாக நின்று தங்களுக்குள் கட்டும் பணம்? அதற்கு வரி அதிகாரி வரமாட்டார், போலீஸ் வரும். சூதாட்டத் தடைச் சட்டம் 1930 இலிருந்து இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 ஆம் தேதிக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தால்? டிக்கெட்டும் பணமும் 21 ஆம் தேதிக்குள் முடிந்திருந்தால் 28.