பழைய ஸ்கூட்டர்: பெற்றோல் எங்கே தடைப்படுகிறது?

வெஸ்பா குடும்பத்துப் பழைய டூ ஸ்ரோக் ஸ்கூட்டர்களில் பெற்றோல் பம்ப் கிடையாது. சீற்றின் கீழே தாங்கி. அதற்கும் தாழ, வலப்பக்கத்து எஞ்சின் மூடிக்குள் காபரேற்றர். பெற்றோல் தன் பாரத்தாலேயே குழாய் வழியாக இறங்கிவிடும். இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்ட ஆண்டு 1946. பஜாஜ் 1972இல் கொண்டுவந்த சேத்தக்கும் இதே அமைப்பில்தான் ஓடியது. இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் "காபரேற்றர் பழுது" என்பதே முதல் தீர்ப்பு. ஆனால் பல வேளைகளில் கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கும். பெற்றோல் வரும் வரிசையிலேயே தேடிப் போனால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

காபரேற்றரின் வேலை காற்றையும் பெற்றோலையும் அளவோடு கலப்பது. எஞ்சின் இழுக்கும் காற்று அதன் குறுகிய கழுத்தில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் மிதவை அறையில் நிற்கும் பெற்றோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே மேலெழுந்து சிதறுகிறது. ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையளவில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். ஆனால் கலந்தால் மட்டும் போதாது, அது ஆவியாகவும் வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகே அவை மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம். எஞ்சினுக்குள் எரிவது காற்றோடு கலந்த ஆவிதான்.

பெற்றோல் எஞ்சின்வரை வருகிறதா என்று முதலில் அறிய, சோதனையைப் பிளக்கில் தொடங்குங்கள். பலமுறை உதைத்த பின் கழற்றிப் பார்க்கையில் பிளக் ஈரமாக இருந்தால் பெற்றோல் வந்து சேர்கிறது. அப்படியானால் கோளாறு தீப்பொறியில் இருக்கலாம், அல்லது பெற்றோல் மிஞ்சி வரலாம். காய்ந்திருந்தால் வழியில் எங்கோ தடை.

அடுத்தது தாங்கியின் மூடி. அதில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. ஆஸ்பத்திரியில் சேலைன் போத்தலுக்குக் காற்று போகாவிட்டால் சொட்டு நின்றுவிடுவது போலத்தான் இதுவும். சற்றுத் தூரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடும் வண்டியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்ததும் சீராக ஓடினால் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

பிறகு பெற்றோலைத் திறந்து மூடும் லீவரும் குழாயும். எஞ்சின் ஆறிய பின், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், காபரேற்றர்ப் பக்கத்துக் குழாய் முனையைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு லீவரைத் திறவுங்கள். பெற்றோல் தடையின்றி ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தாங்கிக்குள் இருக்கும் வடியில் துரு அடைத்திருக்கும், அல்லது குழாய் மடிந்திருக்கும். தேவைக்கு மேல் நீண்ட குழாய் வளைந்து கிடந்தாலும் காற்று சிக்கிக்கொள்ளும்.

ஒழுக்கு நன்றாக இருந்தால்தான் காபரேற்றருக்கு முறை. குழாய் வந்து சேரும் இடத்திலேயே சின்னக் கம்பிவலை வடி ஒன்று இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுவார்கள். மிதவையின் ஊசி மேலே ஒட்டிக்கொண்டால் பெற்றோல் வராது. தேய்ந்து மூடாமல் போனால் வழிந்து கொட்டும். காற்று வடியைக் கழற்றினால் ஜெட்டுகள் தெரியும். அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் அணைந்தால் சிறிய ஜெட்டை, வேகத்தில் மட்டும் திணறினால் பெரிய ஜெட்டைப் பாருங்கள். சோக் இழுத்தால் மட்டுமே ஓடுகிறதா? பெற்றோல் குறைகிறது, அல்லது எங்கோ ஓரத்தால் காற்று புகுகிறது.

சிறிய ஜெட்டின் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை ஒருமுறை பெரிதானால் கலவை அளவு என்றைக்குமாகக் கெட்டுவிடும். காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

அடைப்புக்கு மூலங்கள் இரண்டு. ஒன்று துரு. திருகோணமலையின் அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் பாதி வெறுமையான இரும்புத் தாங்கியை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். மற்றது நெடுநாள் நிறுத்தம். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரம் 4 லீட்டர் மட்டும் கிடைத்தபோது, இருக்கும் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்தோம். ஆனால் ஓடாத வண்டியில் பெற்றோல் ஆவியாகிப் போய், கலந்திருந்த எண்ணெயும் பிசினும் ஜெட்டில் படிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் லீவரை மூடி, அக்சிலேற்றரை முறுக்காமல், எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. இந்த டூ ஸ்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை; பெரும்பாலும் ஒரு லீட்டர் பெற்றோலுக்கு 20 மில்லிலீட்டர் என்ற கணக்கில் பெற்றோலோடுதான் போகிறது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும், பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆகும். ஆகவே ஓட்டத்தில் வண்டி திணறினால் அக்சிலேற்றரை முறுக்காதீர்கள். கிளச்சைப் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள். அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். சீஸ் ஆன எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.