பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கும் தவளைத்தோல் மருந்து

ஆப்பிரிக்க நகத்தவளையின் வயிற்றைக் கீறி, ஆய்வுக்காக முட்டைகளை எடுத்துவிட்டுத் தையல் போட்டுத் தொட்டியில் விடுவார்கள். தொட்டித் தண்ணீரில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் காயம் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். இது எப்படி என்று யோசித்தார், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஸாஸ்லாஃப். 1987இல் அந்தத் தவளையின் தோலிலிருந்து மகாய்னின் என்ற பொருளைக் கண்டெடுத்தார். 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு அது.

அது பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது? உயிருள்ள பாக்டீரியாவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருப்பதால், எது எங்கே தாக்கியது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே விஞ்ஞானிகள் புரதமே இல்லாத மாதிரிச் சவ்வைச் செய்துகொண்டார்கள். கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே இரட்டை அடுக்காகச் சேர்ந்து நுண்குமிழிகளாகும். இவை லிப்போசோம்கள். உள்ளே கால்சீன் என்ற சாயத்தைச் செறிவாக அடைத்தால் அது மங்கிக் கிடக்கும். வெளியே கசிந்தால் பளிச்சென்று ஒளிரும். ஒளி கூடினால் சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள்.

பாக்டீரியாவின் சவ்வைப் போல எதிர்மின்சுமையுள்ள கொழுப்பில் செய்த குமிழிகள் மகாய்னின் பட்டதும் கசிந்தன. நம் செல்களின் வெளிப்புறத்தைப் போல மின்சுமையற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் கலந்தவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மகாய்னின் நேர்மின்சுமை கொண்டது என்பதே காரணம். சவ்வில் ஒட்டியதும் அது சுருளாகிறது. சுருளின் ஒரு பக்கம் கொழுப்பை நாடும், மறுபக்கம் நீரை நாடும். முதலில் சவ்வின் மேல் படுத்துக் கிடக்கும். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியதும் பல பெப்டைடுகள் சேர்ந்து உள்ளே பாய்கின்றன. கொழுப்பு அடுக்கும் அவற்றோடு வளைந்து துளைக்குச் சுவராகிறது. ஜப்பானின் மட்சுசாகி குழுவும் அமெரிக்காவின் ஹுவாங் குழுவும் 1996இல் முன்வைத்த விளக்கம் இது.

அதற்கு முன்பே, 1990இல் இன்னொரு சோதனை வெளியானது. கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அமைத்த அமினோ அமிலங்களால் மகாய்னினைச் செய்து பார்த்தார்கள். பூட்டுக்குச் சாவி போல ஏதோ ஒரு புரதத்தில் பொருந்தித்தான் அது கொல்கிறது என்றால், இந்தத் திருப்பிய வடிவம் பலித்திருக்கக்கூடாது. ஆனால் அதுவும் அதே வீரியத்தோடு கொன்றது. ஆக, குறி புரதமல்ல, சவ்வேதான்.

இத்தகைய தாக்குதலுக்குத் தப்பச் சவ்வின் கட்டமைப்பையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு எளிதல்ல, முடியாததும் அல்ல. சவ்வைத் தாக்கும் இன்னொரு பெப்டைடு மருந்து கொலிஸ்டின். மற்றவை கைவிடும்போது மருத்துவர்கள் கடைசியாக நாடுவது இதைத்தான். வெளிச்சவ்வின் எதிர்மின்சுமையைக் குறைத்து இதற்குத் தப்ப உதவும் மரபணு ஒன்று, பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறக்கூடியது, சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய எதிர்ப்பு பரவாமல் தடுக்க, கோழி, கால்நடை வளர்ப்பில் கொலிஸ்டின் பயன்பாட்டை இந்தியா 2019இல் தடை செய்தது. அந்தத் தடையைப் பண்ணைகளில் உறுதியாக நடைமுறைப்படுத்துவது, புதிய பெப்டைடுகளைத் தேடுவதற்குக் குறையாத அவசரப் பணி.