கட்சிக்குக் காட்டிப் போடும் ஓட்டு

மாநிலங்களவைத் தேர்தலில் மனுவைத் திரும்பப் பெறும் நாள் நெருங்கிவிட்டது. வாசகர் கடிதங்களில் அதிகம் வரும் கேள்வி: எம்.எல்.ஏ. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கட்சிக்கு எப்படித் தெரிகிறது? அவரே காட்டுகிறார். காட்டியாக வேண்டும் என்பது சட்டம்.

1952 முதல் அரை நூற்றாண்டு காலம் இது ரகசிய வாக்கெடுப்பு. பணம் வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுவதைத் தடுக்கப்போவதாகச் சொல்லி, 2003-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின், ஓட்டைக் குறித்த எம்.எல்.ஏ. தன் கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டிவிட்டே பெட்டியில் போட வேண்டும். காட்ட மறுத்தால் செல்லாது. வேறு கட்சிக்காரரிடம் காட்டினாலும் செல்லாது. 2017-இல் குஜராத்தில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவர் பா.ஜ.க. பிரதிநிதியிடமும் காட்டினார்கள். தேர்தல் ஆணையம் நள்ளிரவில் அந்த இரண்டையும் தள்ளுபடி செய்தது. பதிவான 176 ஓட்டு 174 ஆனது. வெற்றிக்கு வேண்டிய 45-உம் 44-ஆக இறங்கியது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கியிருந்தது 44.

சரி, பேரம் நின்றதா? மாற்றிப் போட்டதற்காக மட்டும் எம்.எல்.ஏ. பதவி போகாது. 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் இந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே இதையும் சொன்னது. 2024 பிப்ரவரியில் இமாச்சலில் காங்கிரசின் ஆறு பேர் பா.ஜ.க. வேட்பாளருக்குப் போட்டார்கள். அவர்கள் பதவியிழந்தது உண்மை; ஆனால் காரணம் அந்த ஓட்டு அல்ல, பட்ஜெட் நிறைவேறியபோது கொறடா உத்தரவை மீறி அவைக்கு வராதது. விலைபோகத் துணிந்தவருக்கு இந்தச் சட்டத்தால் பெரிய பயமில்லை. பணம் வாங்காமல், தலைமை நிறுத்திய ஆள் தகுதியற்றவர் என்று நினைத்து மாற்றிப் போடும் எம்.எல்.ஏ.தான் மாட்டிக்கொள்கிறார். எனக்கு இது கவலை தருகிறது.

மற்ற கேள்விகள்:

சுயேச்சை யாரிடம் காட்டுவார்? யாரிடமும் காட்டக் கூடாது.

தமிழ்நாட்டில் எத்தனை ஓட்டு வேண்டும்? ஆறு இடங்களுக்கு 234 பேரும் வாக்களித்தால், 34.

வெளிமாநிலத்தவர் நிற்கலாமா? நிற்கலாம், அதே 2003 திருத்தம் வழிவிட்டது.

நோட்டா? இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

சமமாக வந்தால்? குலுக்கல், பெயர் வந்தவர் தோற்றவர். மேலே சொன்ன இமாச்சல் தேர்தலில் இருவருக்கும் 34. எடுத்த சீட்டில் இருந்தது காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்வியின் பெயர். வென்றவர் பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜன்.

ஆறு இடத்துக்கு ஆறு பேரே நின்றால்? வாக்கெடுப்பு கிடையாது. மனு திரும்பப் பெறும் நேரம் முடிந்ததும் அவர்கள் தேர்வானதாக அறிவிப்பார்கள்.