யாருக்கு எவ்வளவு தூரம்?

திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் எரியோடு ஒரு சின்ன நிலையம். எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் நம்பியிருப்பது டவுன் பஸ்ஸைத்தான். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற வேன் அனுப்புகின்றன. அந்த வேன் தெருமுனை வரை வந்து ஹாரன் அடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற வேண்டிய பஸ்ஸோ பல கிராமங்களில் விலக்கோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே நடைதான். அதிலும் தலித்துகள் வாழும் காலனி பெரும்பாலும் ஊரைத் தாண்டித்தான் இருக்கும்.

மில்லுக்குப் போகிறவருக்கு வண்டி வாசலுக்கு வருகிறது, படிக்கப் போகிற பிள்ளை நடக்கிறது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பதுதான் மானுடப் புவியியலில் 'இடம்சார் நீதி' எனப்படும் படிப்பு. பள்ளியில் நாம் படித்த புவியியல் ஆறு, மலை, மண்வகையோடு முடிந்துபோனது; இந்தப் படிப்பு அதற்கும் அப்பால் போகிறது. 1968-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்ரி லெஃபெவ்ர், நகரத்தின் மீது அங்கே வாழ்கிற எல்லோருக்கும் உரிமை உண்டு என்று எழுதினார். 1973-இல் புவியியலாளர் டேவிட் ஹார்வி சமூக நீதியையும் நகரத்தையும் சேர்த்து ஒரு நூலே எழுதினார். ஏழைக்குத் தூரம் கூடுவது தற்செயல் அல்ல, முதலீடும் அதிகாரமும் எடுத்த முடிவுகளின் விளைவு என்பதே இவ்வகை ஆய்வுகளின் அடிப்படை.

புவியியலாளர் எட்வர்ட் சோஜா இடம்சார் நீதி பற்றி 2010-இல் வெளியிட்ட நூல் ஒரு பஸ் வழக்கிலிருந்து தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து ஆணையம் புறநகர் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஏழைகள் ஏறும் பஸ்ஸில் கட்டணத்தை உயர்த்தப் பார்த்தது. 1994-இல் பஸ் பயணிகள் சங்கம் நீதிமன்றம் போனது. 1996-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி ஆணையம் கூடுதல் பஸ் வாங்கவும் நெரிசலைக் குறைக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் நீதி கேட்ட கதை நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பட்டிவீரன்பட்டிக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார், 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அந்தக் காலகட்டத்தில் அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராகவும் இருந்தார். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்று பஸ் முதலாளிகள் வெளிப்படையாகச் சொன்ன காலம் அது; டிக்கெட்டிலேயே அச்சடித்தவர்களும் உண்டு. ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார் சௌந்திரபாண்டியனார். சென்னையில் பாண்டி பஜாரில் துணி எடுக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இவருடையது என்று தெரியும்? நம் கல்லூரிப் புவியியல் வகுப்பில் இந்த உத்தரவிலிருந்துதான் இடம்சார் நீதிப் பாடம் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதாமாதம் மிச்சமாகிற காசு கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பெரிய பணம். ஆனால் இலவச பஸ்ஸும் உள்ளே வந்தால்தானே ஏற முடியும்? கட்டணத்தைச் சட்டென்று தள்ளுபடி செய்துவிடலாம். வழித்தடத்தை மாற்ற வண்டியும் ஓட்டுநரும் நல்ல சாலையும் வேண்டும்.

தூரம் எப்போதும் கிலோமீட்டரில் இருப்பதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து 1989-90 வாக்கில் எழுந்த சுவர் சுமார் 600 மீட்டர் நீண்டது. அதன் ஒரு பகுதியை 2008 மே 6-இல்தான் அரசு இடித்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பட்டா நிலத்து வேலி பாதையை மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மேலே நின்று கயிற்றை விட்டவர்கள் சிலர், கீழே நின்று கையேந்தி வாங்கியவர்கள் சிலர். உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. தலித்துகளுக்கென்று தனி இடுகாடு ஒதுக்கினால் பாதைச் சிக்கல் தீரும், பிரிவினை தீராது. 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டம் இதற்கு வேறு வழி தேடியது. நூறு வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே இடுகாடு. முதலாவது 1998-இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. சமத்துவபுரங்கள் இருநூற்றுக்கும் மேல் எழுந்தன. பழைய ஊர்கள் மட்டும் தங்கள் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன.

இந்தப் படிப்புக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எரியோட்டைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கிராமத்தில் ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, இடுகாடு, பஸ் நிற்குமிடம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். ஊர்த் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிட நடை என்று பார்க்கலாம். தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு நிற்கிறது, குழாயில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் திறந்துவிடப்படுகிறது என்றும் எழுதலாம். டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியிடமும், மூட்டுவலியோடு அரிசி சுமக்கும் பாட்டியிடமும் கேட்டால் அந்த நிமிடங்கள் வேறாகிவிடும். அவர்கள் சொல்வதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். பஸ் பணிமனைக்கும் பேரூராட்சிக்கும் மனு எழுதும்போது, 'எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நிற்காமல் இந்தத் தாளையும் இணைத்துக் கொடுக்கலாம்: எந்தத் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்த நேரத்துக்கு விலக்கு வரை நடக்கிறார்கள், பஸ் உள்ளே வந்தால் எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று.